முகத்தில் பூசுவது சிறுநீரகம் வரை போகுமா? மருந்துக்கடை மேசையில் கேட்ட கேள்விகள்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை நடத்துகிறேன். மருந்தாளுநராகப் பதினெட்டு வருடம் ஆகிறது. காய்ச்சல் மாத்திரைக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் கேட்கப்படுவது, "கலர் ஆகறதுக்கு ஏதாவது இருக்கா அக்கா?" என்பதுதான். கடையில் ஆள் குறையும் வரை ஓரமாக நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். சிலர் கேட்பதில்லை, வெளியே வாங்கிய டப்பாவைக் கைப்பையிலிருந்து எடுத்து, "இது நல்லதா பாருங்க" என்று நீட்டுவார்கள். அப்படி நீட்டப்பட்ட டப்பாக்களால் எழுந்த கேள்விகள்தான் இவை. நான் மருத்துவர் இல்லை. நோய்க்கு மருந்து சொல்லும் பக்கமும் இது இல்லை. எதை எப்போது மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று சொல்ல முடியும், அவ்வளவுதான்.

முகத்தில் பூசும் கிரீம் எப்படிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்? தோலோடு நின்றுவிடாதா?

நிற்காது. இதற்குத் தூரத்து உதாரணம் தேட வேண்டியதில்லை, பக்கத்து மாநிலமே போதும். கேரளாவில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்கு ஒரே வகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு தடித்துப்போய், உடம்பில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப்போகும் நோய் அது. அந்த 22 பேரில் 15 பேருக்கு, திசுப் பரிசோதனையில் 'நெல்-1' என்ற புரதம் தெரிந்தது. (வயல் நெல் இல்லை. அது அந்தப் புரதத்தின் பெயர்.) இது வழக்கமாக அவ்வளவு பேருக்கு வருவதில்லை. ஏன் இத்தனை பேர் என்று மருத்துவர்கள் ஒவ்வொருவரிடமும் விசாரித்தபோது, 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் போட்டவர்கள் என்று தெரியவந்தது. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு நோய் இறங்கியது.

அந்தக் கிரீம்களில் இருந்தது பாதரசம். தோல் வழியாக அது இரத்தத்துக்குப் போகும். பாதரச உப்புகள் உடம்பில் போய்ச் சேருகிற முக்கியமான இடம் சிறுநீரகம். முகம் என்னவோ பளபளவென்று இருக்கும். காலையில் கண்ணுக்குக் கீழே வீங்கும், சாயங்காலம் செருப்பு இறுகும். சிறுநீர் கழித்தால் சோப்புத் தண்ணீர்போல நுரை நிற்கும். இந்த மூன்றையும் முகக்கிரீமோடு யார் சேர்த்துப் பார்ப்பார்கள்?

பாதரசத்தைக் கிரீமில் ஏன் போடுகிறார்கள்?

வேலை செய்கிறது, அதனால்தான். தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். அதை உண்டாக்கும் நொதிக்குள்ளே தாமிரம் இருக்கிறது. அதை வைத்துத்தான் நொதி இயங்குகிறது. பாதரசம் அந்தத் தாமிரத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நொதி முடங்கும், மெலனின் குறையும், ஒன்றிரண்டு வாரத்தில் முகம் வெளுக்கும். விலையும் மலிவு.

ஆகவே "ஏழே நாளில் ரிசல்ட் தெரிந்தது" என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நேர்மையாகத் தயாரித்த எந்த முகக்கிரீமும் ஏழு நாளில் நிறத்தை மாற்றாது. மாற்றுகிறது என்றால் ஒன்று பாதரசம், இல்லையென்றால் ஸ்டீராய்டு. சில டப்பாக்களில் இரண்டும் இருக்கும்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் அழகுசாதன விதிகள், 2020 சொல்வது இது: சாதாரண அழகுசாதனப் பொருளில் தற்செயலாகக் கலந்த பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கண்ணுக்கு அருகில் போடும் பொருள்களில் மட்டும், கெட்டுப்போகாமல் இருக்க, 70 பங்கு வரை அனுமதி உண்டு. உலக அளவில் பாதரசத்தைக் கட்டுப்படுத்த மினமாட்டா உடன்படிக்கை இருக்கிறது. பாதரசக் கழிவால் ஊரே நோய்ப்பட்ட ஜப்பானிய நகரத்தின் பெயர் அது. அந்த உடன்படிக்கை முதலில் இதே பத்து லட்சத்தில் ஒரு பங்கை எல்லையாக வைத்தது. 2023-ல் கூடியபோது அந்த எல்லையையும் எடுத்துவிட்டு, 2025-க்குள் பாதரசம் சேர்த்த அழகுசாதனமே கூடாது என்று முடிவெடுத்தார்கள். இந்தியாவும் இலங்கையும் அதில் சேர்ந்த நாடுகள்.

பத்து லட்சத்தில் ஒன்று என்றால் மனதில் பதியாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 கிராம் டப்பாவில் சட்டம் அனுமதிப்பது 0.02 மில்லிகிராம். அதே டப்பாவில் 1 சதவீதம் பாதரசம் இருந்தால் 200 மில்லிகிராம், அதாவது எல்லையைப்போல் 10,000 மடங்கு. பழைய சிஎஃப்எல் பல்பு ஒன்றில் சுமார் 5 மில்லிகிராம் பாதரசம் இருக்கும். பல்பு உடைந்தால் பிள்ளைகளை விரட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறோம். 40 பல்பின் பாதரசத்தை விரலில் தொட்டு முகத்தில் தடவிக்கொண்டு தூங்கப் போகிறோம். ஒரு சதவீதம் என்பது கற்பனைக் கணக்கு இல்லை. இந்த வகைக் கிரீம்களில் பாதரச உப்பு 1 முதல் 10 சதவீதம் வரை இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது.

டப்பாவைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

உறுதியாக முடியாது. வாசனையிலோ நிறத்திலோ தெரியாது, ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். ஆனால் சந்தேகப்பட வழி இருக்கிறது.

போன வருடம் ஒரு தங்கச்சி கொண்டுவந்த டப்பாவைச் சொல்கிறேன். உள்ளங்கை அளவு, முத்து வெள்ளை, மூடியில் தங்கநிறக் கோடு. அடியில் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் பெயர் இல்லை. உரிமம் எண் இல்லை. பேட்ச் எண் இல்லை. காலாவதித் தேதி மட்டும் மை கலங்கிய ஒரு ஸ்டிக்கரில் இருந்தது; நகத்தால் சுரண்டியதும் கீழே இன்னொரு தேதி. சேர்மானங்கள் என்று இருந்த இடத்தில் "முத்துத்தூள், வைட்டமின், மூலிகைச் சாறு" என்பதோடு சரி. ஓரத்தில் சின்ன எழுத்தில், தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

அந்த ஒரு வரியைப் பார்த்ததும் டப்பாவை மூடிவிட்டேன். தங்கத்தைப் பாதரசம் என்ன செய்யும் என்று எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்வார். முத்துத்தூளுக்கும் மூலிகைக்கும் நகையைக் கண்டு என்ன பயம்? தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் இவற்றில் படக் கூடாது என்று ஒரு கிரீம் சொன்னால், பாதரசம் இருக்கலாம் என்பதற்கு அது நல்ல அடையாளம். சேர்மானப் பட்டியலில் கலோமெல், மெர்க்குரிக் அயோடைடு, மெர்க்குரஸ் குளோரைடு, அமோனியேட்டட் மெர்க்குரி, மெர்க்குரியோ என்று எது இருந்தாலும் அது பாதரசம்தான். ஆனால் பட்டியலில் இல்லை என்பதால் டப்பாவில் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். திருட்டுத்தனமாகச் சேர்ப்பவர் எழுதிவைத்துவிட்டா சேர்ப்பார்?

எங்க அக்கா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. அங்கே எல்லாம் கண்டிப்பாகச் சோதிப்பார்களே?

இந்தக் கேள்வி வாரம் ஒருமுறையாவது வந்துவிடும். வெளிநாட்டுக் கடையில் விற்றது என்பதற்கும் அந்த நாட்டு அரசு சோதித்தது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் கிரீம்கள் ஓரிடத்தில் தயாராகி, இன்னோரிடத்தில் பொதியப்பட்டு, மூன்றாவது நாட்டின் சந்தையில் விற்று, பெட்டிக்குள் ஒளிந்து நம் வீட்டுக்கு வருகின்றன. அமெரிக்காவிலேயே, 2019-ல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் ஒரு பெண் மெக்சிகோவிலிருந்து வந்த கிரீமால் நினைவு தப்பும் நிலைக்குப் போனார். அந்தக் கிரீமில் இருந்தது இன்னும் கொடிய கரிமப் பாதரசம். மூளையைத் தாக்கும் வகை.

சட்டப்படி இறக்குமதியான பொருள் என்றால், இந்தியாவில் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் டப்பாவில் இருக்க வேண்டும். அக்காவின் பெட்டியில் வந்ததில் அது எப்படி இருக்கும்? அக்கா மேல் குற்றம் இல்லை. ஆசையாகத்தான் வாங்கி வந்திருப்பார். எமர்ஜென்சி லைட்டும் சாக்லேட்டும் வாங்கி வரச் சொல்லுங்கள், போதும்.

ஒரு வருடமாகப் போடுகிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே?

ஆகாமலும் இருக்கலாம். ஒரே டப்பாவை மூன்று பேர் பகிர்ந்து போட்டு ஒருவருக்கு மட்டும் நோய் வருவதும் உண்டு. ஆனால் "ஒன்றும் ஆகவில்லை" என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கை லேசாக நடுங்குவது, தூக்கம் கெடுவது, காரணமில்லாத எரிச்சல், மறதி, விரல் நுனியில் மதமதப்பு, இவையும் பாதரசத்தின் வேலையாக இருக்கலாம். வேலைப் பளு என்றோ, வயது என்றோ சொல்லிக் கடந்துவிடுவோம்.

சந்தேகம் இருந்தால் முதலில் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பாருங்கள். சாதாரணப் பரிசோதனைதான், சின்ன ஊர் லேபிலும் செய்வார்கள். அதோடு இரத்த அழுத்தமும் பாருங்கள். புரதம் இருந்தால் சிறுநீரக மருத்துவரிடம் போங்கள். சிறுநீரில் பாதரச அளவு பார்ப்பதை அவர் முடிவு செய்வார். போகும்போது டப்பாவையும் கொண்டுபோங்கள். முகக்கிரீம் போடுவதைச் சொல்ல வெட்கப்பட்டு, காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆண்களும் இதில் உண்டு. அவர்கள் இன்னும் தாமதமாகத்தான் சொல்வார்கள்.

நிறுத்தினால் முன்னைவிடக் கறுத்துவிடுகிறதே, என்ன செய்வது?

கறுக்கும். நொதியைக் கட்டிப்போட்டது விலகியதும் அது மறுபடி வேலையைத் தொடங்கும். சிலருக்குக் கொஞ்ச நாள் அதிகமாகவே தெரியும். "பார்த்தியா, இந்தக் கிரீம் இல்லாமல் முடியாது" என்று திரும்பப் போவது இங்கேதான். விற்பவருக்கும் அது தெரியும். பாதரசக் கிரீமை உடனே நிறுத்தலாம், நிறுத்த வேண்டும். உடம்பில் சேர்ந்த பாதரசத்தில் பாதி வெளியேற ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். ஸ்டீராய்டு என்றால் நிறுத்தும் விதம் வேறு, கீழே சொல்கிறேன்.

நான்தானே போடுகிறேன். வீட்டில் பிள்ளைக்கு என்ன வரும்?

அம்மா முகத்தில் பூசியது தலையணை உறைக்குப் போகும், துண்டுக்குப் போகும், பிள்ளையைக் கொஞ்சும்போது கன்னத்துக்குக் கன்னம் போகும். பாதரசம் மெல்ல ஆவியாகி அறைக் காற்றிலும் கலக்கும். 2010-ல் கலிபோர்னியாவில் சில வீடுகளைச் சோதித்தபோது, கிரீமைத் தொடாத குடும்பத்தினர் உடம்பிலும், குழந்தைகள் உடம்பிலும் பாதரசம் கூடியிருந்தது. கர்ப்பிணி போட்டால் கருவுக்கும் போகும், பால் கொடுப்பவர் போட்டால் பாலிலும் வரும். ஆகவே டப்பாவை மட்டும் ஒதுக்கினால் போதாது. அதே துண்டும் தலையணை உறையும் வேண்டாம். டப்பாவைச் சாக்கடையில் கழுவி ஊற்றாமல், காற்றுப் புகாத கவரில் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, மருத்துவரிடமோ மருந்து ஆய்வாளரிடமோ காட்டுங்கள்.

சித்த மருத்துவத்திலேயே பாதரசம் சேர்க்கிறார்களே?

சேர்க்கிறார்கள். சுத்தி முறை (நச்சை நீக்கிச் சுத்தம் செய்வது), புடம், அளவு, பத்தியம் என்று அதற்கொரு கட்டுக்கோப்பு சொல்கிறார்கள். அது சரியா தவறா என்பது தனி வழக்கு, இங்கே தீராது. ஃபேன்சி ஸ்டோர் டப்பாவில் இருப்பதற்குச் சுத்தியும் இல்லை, அளவும் இல்லை, பொறுப்பேற்கும் வைத்தியரும் இல்லை. போகரைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

அப்போ மருந்துக்கடையில் டியூப் வாங்கினால் பயமில்லையா?

இந்தக் கேள்விக்கு என் பிழைப்பையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். நம் ஊரில் முகத்தைக் கெடுத்ததில் பாதி பங்கு எங்கள் மேசைக்கு உண்டு.

பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்பவை ஸ்டீராய்டு மேல்பூச்சுகள். கரப்பான், சோரியாசிஸ் போன்ற நோய்களுக்கு அருமையான மருந்துகள். அவற்றுக்குப் பக்க விளைவாகத் தோலை வெளுக்க வைக்கும் குணம் உண்டு. எப்போதோ யாருக்கோ மருத்துவர் எழுதிக்கொடுத்த டியூபை அவர் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல, பக்கத்து வீடு பார்லருக்குச் சொல்ல, கடைசியில் பெயர்கூடத் தெரியாமல், "அந்த நீலப்பெட்டி குடுங்க" என்று வந்து நிற்கிறார்கள். அப்புறம் ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாய்ன், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கிரீம் ஒன்று இருக்கிறது. மங்குக்கு மருத்துவர் சில வாரத்துக்கு மட்டும் எழுதுவது. அதை மூன்று வருடம் பவுடர்போலப் போட்டவரை எனக்குத் தெரியும்.

2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேல்பூச்சுகளை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்கிறோமா? விற்கிறோம். நானும் விற்றிருக்கிறேன், முதல் சில வருடங்கள். ஒருநாள் கல்லூரிப் பெண் ஒருத்தி துப்பட்டாவை விலக்கிக் காட்டினாள். கன்னம் இரண்டும் தக்காளித்தோல் மாதிரி மெலிந்து, உள்ளே சிவப்பு நரம்புக்கோடுகள் வலைபோலத் தெரிந்தன. மோவாயில் பூனைமுடி கறுத்திருந்தது, நெற்றி முழுக்கச் சிறு பருக்கள். "வெயிலில் ரெண்டு நிமிஷம் நிற்க முடியலை, எரியுது" என்றாள். எட்டு மாதமாக அந்த டியூபைக் கொடுத்தது என் கடைதான். அதற்குப் பிறகு சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை. எதிர்க்கடையில் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதும் தெரியும்.

இப்படி ஆன முகத்துக்குத் தோல் மருத்துவர்கள் 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். இதை ஒரேநாளில் நிறுத்தினால் முகம் சிவந்து, எரிந்து, பரு வெடித்து இன்னும் மோசமாகும். அந்த எரிச்சலைத் தாங்காமல் மறுபடி அதையே பூசுவார்கள். ஆகவே நீங்களாக நிறுத்தாமல், தோல் மருத்துவர் சொல்கிற விதத்தில் படிப்படியாக விடுங்கள். மூன்று கலவைக் கிரீமில் உள்ள ஹைட்ரோகுயினோனை வருடக்கணக்கில் போட்டால், முகம் நீலக்கறுப்பாகத் தடித்துப்போவதும் உண்டு. வெளுக்கப் போட்டது கறுப்பில் போய் முடியும், அந்தக் கறுப்பு லேசில் போகாது.

பெரிய கம்பெனி, விளம்பரம் வருகிற பிராண்ட் என்றால் நம்பலாம்தானே?

பெயரும் முகவரியும் உள்ளவரிடம் வாங்குவது எப்போதும் மேல். ஆனால் அதற்கும் ஒரு ஜப்பான் கதை உண்டு. கனெபோ என்ற பெரிய நிறுவனம் ரோடோடெண்ட்ரால் என்ற பொருளைக் கண்டுபிடித்து, அரசின் அனுமதியும் வாங்கி, வெளுப்பூட்டும் கிரீம்களில் சேர்த்தது. போட்டவர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு வெண்புள்ளி மாதிரித் திட்டுத் திட்டாக வெளுத்தது. 2013-ல் 54 வகைப் பொருள்களைத் திரும்பப் பெற்றார்கள். வித்தியாசம் எங்கே என்றால், அங்கே திரும்பப் பெற ஒரு நிறுவனம் இருந்தது, பாதிக்கப்பட்டவர்களை எண்ணினார்கள், இழப்பீடும் கொடுத்தார்கள். அடியில் பெயரே இல்லாத டப்பாவை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

நம் நாட்டில் 2020-ல் ஒரு பெரிய கிரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று போட்டார்கள். கடைக்கு வருகிறவர்கள் இன்றும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

பொட்டு வைக்கிற இடம் மட்டும் வெள்ளையாகிறது. கிரீமே போடுவதில்லையே?

ஸ்டிக்கர் பொட்டின் பசையைச் சந்தேகப்படுங்கள். பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் சில பசைகளில் இருக்கும். அது நிறம் தரும் செல்லையே கொன்றுவிடும். பொட்டு எவ்வளவு பெரியதோ அதே அளவுக்கு வட்டமாக வெளுக்கும். அரிப்பு முதலில் வரலாம், வராமலும் போகலாம். உடனே ஸ்டிக்கரை விட்டுவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். குங்குமம் வைத்தால் சரியா என்பார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமம் என்றால் சரி. கடையில் பளீர் சிவப்பில் விற்பதில் பெரும்பாலும் செயற்கைச் சாயம். அது சிலருக்கு நெற்றியைக் கறுக்க வைக்கும். வடநாட்டுச் சிந்தூரில் சிலவற்றில் ஈயம் இருப்பதும் சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

தலைச்சாயம்? கறுப்பு மருதாணி?

மருதாணி இலைக்குக் கறுப்பு நிறம் வரவே வராது. ஆரஞ்சு, செம்பழுப்பு, அதிகம் போனால் ஆழ்ந்த அரக்கு. பத்து நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கிறது என்றால் அது பிபிடி. முழுப்பெயர் பாரா ஃபெனிலீன் டையமின், தலைச்சாயத்தில் உள்ள அதே பொருள். தலைச்சாயத்திலாவது அளவும் கழுவும் நேரமும் உண்டு. தோலில் கோலமாகப் போட்டால் கோலம் அப்படியே கொப்புளமாகும், பிறகு தழும்பாகும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்க நிற்கும். பத்து வருடம் கழித்து நரைக்குச் சாயம் போடும்போது முகமே வீங்கும். கல்யாண வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக் கறுப்புக் கோன் போடுவதை நான் கண்டால் சண்டைக்குப் போய்விடுவேன்.

சாயம் போடுபவர்கள் 48 மணி நேரத்துக்கு முன்பு காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு சொட்டுத் தடவிப் பாருங்கள். பெட்டியில் இன்னொரு எச்சரிக்கை இருக்கும், யாரும் படிப்பதில்லை: இமைக்கும் புருவத்துக்கும் போடக் கூடாது, பார்வை போகலாம். சும்மா மிரட்டல் இல்லை. 1930-களில் அமெரிக்காவில் இந்த வகைச் சாயத்தை இமைக்குப் போட்டுப் பெண்களுக்குப் பார்வை போயிருக்கிறது.

குழந்தைக்குக் கண்மை வைக்கலாமா?

கண்ணுக்குள் வேண்டாம். சுர்மா வகைகள் சிலவற்றின் மூலப்பொருளே ஈயத் தாது. குழந்தை கண்ணைக் கசக்கி, அதே கையை வாயில் வைக்கும். வளரும் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. வீட்டில் விளக்குக் கரியில் செய்தது என்றால் ஈயப் பயம் குறைவு, ஆனால் விரலால் வைக்கும்போது கிருமி போகும். திருஷ்டிக்கு என்றால் கன்னத்திலோ உள்ளங்காலிலோ வசம்புக் கரியால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போங்கள், பாட்டியும் சமாதானமாகிவிடுவார்.

பாராபென் புற்றுநோய் தரும் என்கிறார்களே? டால்கம் பவுடர்?

பாராபென் என்பது கிரீமும் ஷாம்பூவும் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. அதைப் பற்றி நெட்டில் உள்ள பயம் அளவுக்கு மீறியது. 2004-ல் மார்பகக் கட்டிகளில் பாராபென் இருப்பதைக் கண்டார்கள். இருந்தது என்பதற்கும் அதனால் கட்டி வந்தது என்பதற்கும் தூரம் அதிகம். ஐரோப்பாவில் 2014-ல் ஐந்து வகைப் பாராபென்களைத் தடைசெய்தார்கள். மெத்தில், எத்தில் வகைகள் அளவோடு இன்னும் அனுமதியில் உள்ளன. டால்க்கை 2024-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 'புற்றுநோய் தர வாய்ப்புள்ளது' என்ற வரிசையில் சேர்த்தது. குழந்தைக்குப் பவுடர் தேவையே இல்லை, தூள் நுரையீரலுக்குப் போகும் என்ற ஒரு காரணமே போதும்.

"பாராபென் இல்லாத ஷாம்பூ இருக்கா?" என்று லேபிள் படித்துக் கேட்கிற அதே கை, பெயரில்லாத வெள்ளை டப்பாவை எந்தக் கேள்வியும் கேட்காமல் வாங்குகிறது. எனக்கு இதுதான் புரிவதில்லை.

முடி நேராக்கும் சிகிச்சை?

பார்லரில் கண் எரிந்து, மூக்கு எரிந்தால் அது ஃபார்மால்டிஹைடு. மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதியான பொருள்களின் வரிசையில் 2004-லேயே வைக்கப்பட்டது. 'ஃபார்மலின் இல்லை' (ஃபார்மலின் என்பது ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர்) என்று விற்கும் சிலவற்றில் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கும்; அதைத் தலையில் போட்ட பின் சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. நாள் முழுக்க அந்தப் புகையில் நிற்கும் பார்லர் பெண்களைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். ஜன்னலாவது திறந்து வையுங்கள்.

'ஹெர்பல்', 'நேச்சுரல்' என்று போட்டிருந்தால்?

அந்தச் சொற்கள் மூடியில் இருக்கின்றனவா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அடியைத் திருப்பிப் பாருங்கள். பாதரசமும் ஈயமும்கூட மண்ணிலிருந்து வருகிற இயற்கைப் பொருள்கள்தான்.

அடுத்த மாதம் கல்யாணம். என்னதான் போடுவது?

ஒரு மாதத்தில் நிறம் மாறாது என்பதை முதலில் ஒத்துக்கொண்டுவிட்டால் மற்றது சுலபம். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூசுங்கள், பட்டாணி அளவு போதாது. வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணிக்கொரு முறை. இரவில் சாதாரண மாய்ஸ்சரைசர். திட்டு, மங்கு இருந்தால் தோல் மருத்துவர். நியாசினமைடு, அசெலாயிக் அமிலம் போன்றவை இருக்கின்றன, மெதுவாக வேலை செய்பவை. புதிய எதையும் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் தொடங்காதீர்கள். பார்லரில் 'பிரைடல் பேக்கேஜ்' என்று வீட்டுக்கு ஒரு டப்பா கொடுத்துவிட்டால், அதன் மூல டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். பெரிய வாளியிலிருந்து சின்ன டப்பாவுக்கு மாற்றிய கிரீமை வாங்கவே வேண்டாம்.

பெண்ணோடு வந்த அத்தைமார்கள், "கொஞ்சம் கலர் வந்தா நல்லா இருக்குமே" என்பார்கள். அவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

சந்தேகமான டப்பாவை எங்கே கொடுப்பது? புகார் யாரிடம்?

மாவட்டத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகம் இருக்கும். அங்குள்ள மருந்து ஆய்வாளருக்கு அழகுசாதனத்தையும் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப அதிகாரம் உண்டு. மாத்திரைக்கு மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். கேரளாவில் 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை போட்டு, உரிமமில்லாத பொருள்களைப் பறிமுதல் செய்தது அந்த மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைதான். நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அழைக்கலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது பில். ஃபேன்சி ஸ்டோரில் வாங்கினாலும், பார்லரில் வாங்கினாலும், என் கடையில் வாங்கினாலும் கேட்டு வாங்குங்கள். அந்த முத்து வெள்ளை டப்பாவுக்குப் பில் இல்லை; அது இன்னும் என் மேசை இழுப்பறையில் இரட்டைக் கவருக்குள் கிடக்கிறது, யாராவது இதே மாதிரி ஒன்றோடு வந்தால் பக்கத்தில் வைத்துக் காட்டுவதற்காக.